எங்கள் வாசலில் கட்டிய முப்பது பல்பு

ஹார்மனி கேப்,
கிளாரண்டன் மலை, ஜமைக்கா.
செவ்வாய்க்கிழமை காலை.

டொராண்டோவில் கம்பளிக்குள் சுகமாக இருக்கும் என் ஒரே மகன் கோர்ட்னிக்கு,

உன் தகப்பன், ஓய்வுபெற்ற அரசாங்க சர்வேயர் எகர்ட்டன் டல்லக் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் அவ்விதமே இருக்க வேண்டும். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் பார்த்தேன். "கூட்டம் சேர்ந்துவிட்டது" என்று நான் ஆரம்பித்த உடனே நீ சிரித்தாய். குழி வெட்டிய இடத்துக்கு வருவதற்குள் உன் பெண்டாட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். பேத்தி எதற்கென்று தெரியாமலே சிரித்தது. கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. சிரித்துத் தொலை, ஆனால் கடைசிவரை படி.

முதலில் ஒரு கேள்வி. உன்னிடம் விளக்கு கேட்டது யார்? நான் கேட்டேனா? என் அப்பா கட்டிய வீடு இது. வாசலில் ஐந்து படி. ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன், இறங்குவேன். இருட்டிய பிறகு என் வாசலுக்கு வர வேண்டிய அவசியம் உள்ளவன் கையில் டார்ச்சோடு வருவான், அவசியம் இல்லாதவன் வரவே வேண்டாம். நாற்பத்தோரு வருஷமாக உன் அம்மாவிடம் இதைத்தான் சொல்லி வந்தேன். இதில் என்ன தப்பு? ஆனால் நீ ஒரு பெட்டி அனுப்புகிறாய். பெட்டிக்குள் கதவின் இரண்டு பக்கமும் சுவரில் மாட்ட இரண்டு விளக்கு, நடைபாதை ஓரம் மண்ணில் செருக ஆறு குட்டி விளக்கு, அதற்கும் மேல் முப்பது பல்பு கோத்த ஒரு மாலை. கூடவே, எதை எங்கே மாட்ட வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு ஒரு தாள். முப்பத்தாறு வருஷம் இந்தத் தீவின் பாதி எல்லைக் கற்களை நட்டவனுக்கு, ஒரு விளக்கை எங்கே வைப்பது என்று இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் மகன் பாடம் எடுக்கிறான்.

உன் அம்மா விழுந்த கதையை அவள் வாய்மொழியாக நூறு தடவை கேட்டிருப்பாய். என் பக்கத்தை நீ கேட்டதே இல்லை, இப்போது கேள். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, சாயங்கால ஜெபத்துக்குப் போய்விட்டு அவள் வந்தாள். மூன்றாம் படியில் கால் தவறிவிட்டது. சத்தம் கேட்டு நான் உடனே வந்தேன். "நாப்பத்தோரு வருஷமா ஏறுற படிதானே, இன்னும் எண்ணத் தெரியலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். பதற்றத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அவள் உன்னிடம் சொல்லிக்கொண்டிருப்பதுபோல், அவள் கீழே கிடக்கும்போது நான் டேப்பை எடுத்துவந்து படியை அளக்கவில்லை. வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அளந்தேன். ஏழு அங்குலம். ஐந்து படியும் ஏழு அங்குலம்தான், குற்றம் சொல்ல முடியாத படி. இதை ஆஸ்பத்திரியில் அவளிடம் எடுத்துச் சொன்னேன், அவள் மனசு நிம்மதியாகட்டும் என்றுதான். இடுப்பு சேர்ந்ததும் அவள் இங்கே வராமல் மாண்டவில்லில் தங்கச்சி கிளாரிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். "மிஸ்டர் டல்லக், வாசல்ல விளக்கு எரியற வரைக்கும் அந்தப் படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டால் அதன் அர்த்தம் உனக்கே தெரியும்.

ஆறு மாசம் ஆயிற்று. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் சொல்ல முடியுமா? "இடுப்புக்கு வைத்தியம் நடக்குது" என்று சொன்னேன். அடுத்த மாசம் கேட்டார்கள், "இன்னும் சரியாகல" என்றேன். அதற்கடுத்த மாசமும் கேட்டார்கள், "கொஞ்சம் கஷ்டம்தான்" என்றேன். என் குடும்ப விஷயம் அவர்களுக்கு எதற்கு? ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று எதிர்வீட்டு எனிட் இப்போது என் மேலேயே பழி போடுகிறாள். மாசா மாசம் நானே உன் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டு வந்தேனாம்.

சரி, விளக்குக்கு வருகிறேன். உன் நச்சரிப்புத் தாங்காமல்தான் மாட்டச் சம்மதித்தேன், உன் அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் பின்னக்கை வரச் சொன்னேன். உன் தாளில் "சுவர் விளக்கு கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் படியில் விழ வேண்டும்" என்று போட்டிருக்கிறாய். யாருடைய கண்மட்டம்? அதை எழுதினாயா? நான் ஆறடி இரண்டங்குலம், உன் அம்மா அஞ்சடி. என் கண்ணுக்கு வைத்தால் அவளுக்குக் கூரையில் தொங்கும். அவள் சமையலறைக் கதவோரம் நின்றால் கண் மேல் கீலுக்கு நேராக வரும். கீல் தரையிலிருந்து ஐம்பத்தாறு அங்குலம். இரண்டு கூட்டி ஐம்பத்தெட்டில் கோடு போட்டேன். பின்னக், நான் போட்ட கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், ரொம்பக் கீழ இருக்கே. உங்க தோளுக்கு நேரா வருது."

"வரட்டும்."

"வெளிச்சம் உங்க மூக்குக்குள்ள அடிக்கும் சார்."

"மூக்கு என்னுது. நீ துளை போடு."

தொழில் காரணமாக அளவெல்லாம் என் கண்ணில் தங்கிவிடும், வேறொன்றும் இல்லை. குட்டி விளக்குகளை நேருக்கு நேர் வைத்தால் விமானம் இறங்கும் இடம் மாதிரி ஆகிவிடும், இடது வலதாக மாற்றி வை என்று எழுதியிருந்தாய். அது ஒன்றுதான் உன் தாளில் உருப்படியான வரி. லெவல் கருவியை வெளியே எடுத்து, நூல் பிடித்து, ஆறையும் நானே நட்டேன். மத்தியானத்துக்குள் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். சுவர் விளக்குக்கு நீ அனுப்பிய திருகாணி என் அப்பா கட்டிய கல்சுவரில் நிற்கவில்லை. நீளத் திருகாணி வாங்கிவர நானே ஃபிராங்க்ஃபீல்டுக்கு இறங்க வேண்டியதாயிற்று. போகிற அவசரத்தில் அந்த முப்பது பல்பு மாலையைப் பின்னக்கிடம் கொடுத்து, "இதையும் எங்கயாவது கட்டிடு" என்று சொல்லிவிட்டேன். எங்கே கட்டுவது என்று உன் தாளில் ஒரு வரியும் இல்லை. "உங்கள் விருப்பப்படி" என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் நீ பதில் சொல்ல வேண்டும், மகனே.

பின்னக் இருபது வருஷமாக இந்தப் பக்கத்து மலை முழுவதும் பல்பு மாலை கட்டுகிறவன். எங்கே கட்டுகிறான்? நீ பதினெட்டு வருஷமாகக் குளிரில் இருக்கிறாய், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சாவு வீட்டில் கட்டுகிறான். தெருக்கம்பத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து வராண்டாத் தூணுக்கு. அந்த மாலை எரிந்தால் வீட்டில் ஒருவர் போய்விட்டார், ஒன்பது ராத்திரி வந்து துணைக்கு உட்காருங்கள் என்று அர்த்தம். யாரும் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவன்கூட வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். யார் போனது என்று கேட்டில் நின்று கேட்பது இங்கே மரியாதை இல்லை. தெருக்கம்பம், கறிப்பலா மரம், கேட், தூண் என்று பின்னக் கட்டி முடித்து, சுவிட்சையும் போட்டுவிட்டான்.

கடையில் திருகாணி கிடைக்க நேரமாகிவிட்டது. நான் திரும்பும்போது மணி ஆறரை. வளைவில் டாக்சியை விட்டு இறங்கினேன். மேலே பல்பு மாலை எரிவது தெரிந்தது. வழக்கம்போல் தொப்பியைக் கழற்றினேன். ஐயோ, எந்த வீடோ பாவம் என்று நினைத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். அப்புறம்தான் அது என் கறிப்பலா மரம் என்று தெரிந்தது. கேட்டில் நாலைந்து பேர் கறுப்புச் சட்டையில் நின்றார்கள். எனிட் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு மாண்டவில் ஞாபகம் வந்தது. நடுரோட்டிலேயே நின்றுவிட்டேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டு பின்னக்கைப் பிடித்து, "ஏண்டா, மாலைய ஏன் இப்படிக் கட்டினே?" என்று கேட்டேன். "வேற எப்படி சார் கட்டறது?" என்றான் அந்த மடையன். விஷயம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இனி அவர்களுக்கு விளங்க வைக்க வேண்டுமே! அதற்கு யாராவது காது கொடுத்தால்தானே.

"அவ சாகல, எனிட்" என்றேன்.

"சாகல சார், சாகல. அவங்க எங்க சாவாங்க? நமக்குக் கொஞ்சம் முன்னாடி போயிருக்காங்க, அவ்ளோதான்."

"எங்கயும் போகல. மாண்டவில்ல இருக்கா!"

"இருக்காங்க சார். இங்கதான் எங்கயாவது நின்னு நாம பேசறதக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நீங்க முதல்ல உக்காருங்க. காப்பி குடிங்க."

ஏழு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு காப்பி கொடுத்தார்கள். அதற்குள் முற்றத்தில் கல்லைக் கூட்டி ஆட்டுத்தலை சூப்புக்கு அடுப்பு மூட்டியாயிற்று. ஒருத்தி மீன் பொரிக்கிறாள். ஒருவன் வெள்ளை ரம்மைக் கேட்டில் தெளித்துவிட்டு மீதியைத் தன் வாய்க்குள் தெளித்துக்கொண்டான். டாமினோ கட்டையை மேஜையில் அறைகிற சத்தத்தில் நான் வாயைத் திறந்தது எனக்கே கேட்கவில்லை. எனிட் இரண்டு பெண்களோடு என் வீட்டுக்குள் புகுந்து, செத்தவள் ஆவி வந்தால் வீட்டை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று கண்ணாடிக்குத் துணி போட்டு, அலமாரியை நகர்த்தி, என் கட்டிலை வேறு திருப்பிவிட்டாள். சுவரோடு சரியாகக்கூடத் திருப்பவில்லை. பத்து டிகிரி கோணல். ஒன்பதாம் ராத்திரி செய்ய வேண்டியதை முதல் நாளே ஏன் செய்கிறாய் என்று கேட்டேன். "ஐசில்டா அக்கா எதையும் தள்ளிப் போட மாட்டாங்க சார், இன்னிக்கே வந்துட்டா?" என்றாள்.

இதற்கு நடுவில் நம் சபை டீக்கன் ஹிபர்ட் செய்த காரியம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன் கிளாரிஸுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று செம்பருத்தி வேலிப் பக்கம் தனியாகப் போய் மாண்டவில்லுக்குப் போன் போட்டிருக்கிறார். "சிஸ்டர், உங்க துக்கத்துல நாங்களும் பங்கு..." என்றாராம். "யாருக்கு என்ன துக்கம்?" என்று அங்கிருந்து கேட்டார்களாம். "நம்ம ஐசில்டா போயிட்டாங்களே." "டீக்கன், நான் ஐசில்டாதான் பேசறேன்." பெரிய மனுஷன், ஆண்டவரை நம்புகிறவர், போனை வேலி மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பதினேழு வருஷமாக ரம்மைத் தொடாதவர் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அடுத்து மூன்று தடியன்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து, "சார், எடம் காட்டுங்க" என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் என் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கும் இடம் உனக்குத் தெரியும். இடம் காட்ட மாட்டேன் என்றேன். "துக்கத்துல இருக்காரு, நாமளே பாத்துப்போம்" என்று அவர்களே போய் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கோர்ட்னி, நாலு மூலையில் ஒரு மூலைகூடச் செங்கோணம் இல்லை. தலைமாடு இரண்டடி, கால்மாடு மூன்றடி. குழியே தேவையில்லை, ஆள் உயிரோடு இருக்கிறாள், அது வேறு விஷயம். ஆனால் சர்வேயர் டல்லக்கின் நிலத்தில், என் பெண்டாட்டி பேரைச் சொல்லி, இப்படி ஒரு கோணல் குழி வெட்டினால் நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? டேப்பை எடுத்து வந்தேன். நாலு முளை அடித்து, நூல் கட்டி, கிழக்கு மேற்காக நானே கோடு போட்டுக் கொடுத்தேன். "இந்தக் கோட்ட விட்டு ஒரு அங்குலம் தாண்டினீங்கன்னா பாருங்க" என்று கத்தினேன். இதைத்தான் இப்போது ஊர் பூராவும், சார் தன் கையாலேயே குழி அளந்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. கோணலாக வெட்டியவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம். டீக்கனுக்குக் கண் மங்கிய வருஷம், சபைப் பாட்டுப் புத்தகம் முழுவதையும் உன் அம்மா பெரிய பெரிய எழுத்தில் நோட்டில் எழுதிக் கொடுத்தாளாம். டீக்கன் அந்த நோட்டையே தூக்கிக் காட்டினார். நானூறு பாட்டு. எப்போது எழுதினாள்? நான் அதே வீட்டில்தானே இருந்தேன்? எனிட் சொல்கிறாள், பெரிய புயலுக்குப் பிறகு மூன்று வாரம் இந்தச் சந்து முழுக்கக் குடிக்கிற தண்ணீரை உன் அம்மாதான் எங்கள் அடுப்பில் கொதிக்க வைத்துக் கொடுத்தாளாம். அந்த மாசம் காஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரனோடு நான் நடுரோட்டில் சண்டை போட்டேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, "கசிஞ்சிருக்கும், விடுங்க" என்றாள். ஊருக்கே தெரிந்த விஷயம் வீட்டுக்காரனுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் அவள் எதிரில் ஒருநாளாவது சொன்னீர்களா என்று நான் அவர்களைத் திட்டினேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததாக எவனாவது உனக்குப் போனில் சொன்னால் நம்பாதே. சூப்பு அடுப்பில் பச்சை விறகை வைத்திருந்தார்கள், புகை.

எட்டரை மணிக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லலாம் என்று மேல்படியில் ஏறி நின்றேன். கூட்டம் அமைதியாயிற்று. வாயைத் திறந்தேன். அதற்குள் கேட் திறந்தது. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, கையில் தடி, தலைக்கு மேல் முப்பது பல்பு. உன் அம்மா நின்றாள்.

நீ அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். டீக்கன் எழுபத்து மூன்று வயசில் செம்பருத்தி வேலியைத் தாண்டினார். நோட்டை விடவில்லை. டாமினோ மேஜை கவிழ்ந்தது. குழி வெட்டிய மூன்று பேரில் இரண்டு பேர் இருட்டில் ஓடி, தாங்கள் வெட்டிய குழியிலேயே விழுந்தார்கள். எனிட் மட்டும் ஓடவில்லை. ஓட முடியவில்லை என்பதுதான் சரி. சூப்புக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டு, "அக்கா, உங்க சீப்பை நான்தான் எடுத்தேன், திருப்பித் தந்துடறேன், கிட்ட வராதீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு அலறினாள். உன் அம்மா ஆறு குட்டி விளக்குக்கும் நடுவில் நிதானமாக நடந்து வந்தாள். கைப்பிடியைத் தொடாமல் ஐந்து படியும் ஏறினாள்.

"மிஸ்டர் டல்லக், உள்ள என் கட்டில யாரு திருப்பினது?" ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டாள்.

"எனிட்."

"பின்னாடி குழி வேற வெட்டியிருக்காங்களாமே."

"ஆமா."

"நேராத்தான் இருக்காம். நீங்க அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"சரி. உள்ள வாங்க, சளி பிடிக்கப் போகுது."

இவ்வளவுதான் நடந்தது. நான் "வா" என்று மட்டும் சொன்னேன். கிளாரிஸ் வீட்டுச் சாப்பாடு அலுத்துப்போய் அவள் வந்திருக்கிறாள், அதுதான் காரணம். ஓடியவர்கள் சூப்பு வாசனைக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தன் சாவு வீட்டில் தானே நின்று எல்லோருக்கும் பரிமாறினாள் உன் அம்மா. பரிமாறிக்கொண்டே, "என்னைப் பத்தி என்னமோ சொன்னீங்களாமே, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கினாள். வெட்கமே இல்லை.

ஆகவே, என் தீர்மானத்தைச் சொல்கிறேன். இரண்டு சுவர் விளக்கு, ஆறு குட்டி விளக்கு, முப்பது பல்பு மாலை எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி அங்கிருந்து எனக்கு ஒரு தீக்குச்சிகூட அனுப்பாதே. டிசம்பரில் வரும்போது மண்வெட்டியோடு வா. அந்தக் குழியில் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்துகிறது, மூட வேண்டியது உன் பொறுப்பு. பின்னக்கோடு நான் பேசுவதில்லை. எனிட்டோடு பேசுவதில்லை. டீக்கனைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் சிரித்ததையும் மீறி. பேத்திக்கு முத்தம். உனக்கும் ஆசீர்வாதம்தான், ஆனால் கோபத்தோடு. என் கையெழுத்து உங்கள் ஊர்த் தபால்காரனுக்குப் புரிவதில்லை என்பதால், கடிதத்தை மடித்து முகவரி எழுத உன் அம்மாவிடம் கொடுக்கிறேன். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் மனைவிக்குக் குழி அளந்தவன் என்று பெயர் வாங்கிய உன் அப்பா,
எகர்ட்டன் டல்லக்.

பி.கு.: கோர்ட்னி, இது அம்மா. படிக்காதே என்றார், அதனால் படித்தேன்.

பெட்டிக்காகக் காத்திருக்காதே, வராது. அதை உடைத்து அடுப்பு பற்ற வைத்துவிட்டார். விளக்குகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பல்பு மாலையை மட்டும் பின்னக் வந்து வேறு மாதிரி கட்டிவிட்டுப் போனான். உன் அப்பாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம் என்று எழுதியிருக்கிறார் பார், அது பொய். அவர் வந்தபோது பின்னக் அங்கே இல்லவே இல்லை. கூட்டம் சேர்ந்ததும் சாவு நிஜம் என்று அவனும் நம்பி, டாமினோ மேஜை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்து, "பாத்தீங்களா, காலைலயே என் கைக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அவனும் சேர்ந்து அழுதானாம். உன் அப்பா அவனிடம் விசாரித்தது மறுநாள் காலையில். தெரியுமா, அந்த வளைவில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மூன்று பேர் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார்களாம். திருகாணிப் பொட்டலத்தைக் கையை விட்டுப் பிரிக்க முடியவில்லையாம். போன் மடியிலேயே இருந்திருக்கிறது, கிளாரிஸ் வீட்டுக்கு ஒரு தடவை போட்டிருந்தால் நானே எடுத்திருப்பேன். அவர் போடவில்லை. போட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயந்தேன் என்று பிறகு எனிட்டிடம் சொன்னாராம். "அவ சாகல, மாண்டவில்ல இருக்கா" என்று அவர் சொன்னதெல்லாம் நான் உயிரோடு இருப்பது தெரிந்து சொன்னதில்லை, மகனே. குழியை அளந்ததும் தெரிந்து அளந்ததில்லை.

இன்னொன்று. அவர் படியில் நின்று வாயைத் திறந்ததும் நான் வந்தேன் என்பதும் பொய். டீக்கன் போன் வந்ததுமே டாக்சி பிடித்து வந்து, நான் கால்மணி நேரமாகக் கறிப்பலா மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். குழியைப் பற்றியும் அங்கே நின்ற பெண்கள் பேசித்தான் தெரியும். அவர் வாயைத் திறந்து பேசினார். கூட்டத்துக்கு முன்னால், சத்தமாக. "புதன்கிழமை புதன்கிழமை அவ ஜெபத்துக்குப் போனா, நான் வராண்டாவுல இருட்டுல உக்காந்து கேட் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். சத்தம் கேட்டதும் உள்ள ஓடிடுவேன். வெளிச்சம் இருந்தா நான் உக்காந்திருக்கறது அவளுக்குத் தெரிஞ்சுடுமே, அதுக்காகத்தான் வெளக்கே வைக்கல. என் வெக்கத்துக்கு அவ இடுப்பு போச்சு" என்றார். நாற்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நடுவில் போனால் நிறுத்திவிடுவார் என்றுதான் மரத்தடியிலேயே நின்றேன். கால் வலி உயிர் போயிற்று.

நேற்று எனிட் வீட்டுக்குப் போய்ச் சீப்பை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்பினேன். கேட்டைத் திறந்தேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. "ஏழு மணி வரைக்குமா ஒரு சீப்பு வாங்குவே, ஐசில்டா? ஒரு மனுஷன் எவ்ளோ நேரம் உக்காந்திருக்கறது?" என்று கத்தினார். அவர் கத்தியது அடுத்த சந்துக்குக் கேட்டிருக்கும்.